ஒன்பதேகால் மணிக் கூட்டம்

20-6-2025, வெள்ளி.

இன்று என் கணக்கில் ஒரு சின்னத் தவறு. நாற்றுக்குப் பதிவு செய்ய அறுநூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை எட்டு மணி நேரம். ஆகவே மணிக்கு எழுபத்தைந்து பேர், நிமிடத்துக்கு ஒன்றேகால் பேர் என்று வகுத்தேன். அதைப் போலப் பத்து மடங்கு வந்தாலும் இணையப் பக்கம் தாங்குகிறதா என்று சோதித்துவிட்டு, 'போதும்' என்று எழுதி வைத்தேன். வகுத்ததில் பிழை இல்லை. வகுத்திருக்கவே கூடாது.

இதை எழுதி முடித்ததும் யுவஸ்ரீ பேனாவை மூடினாள். பிறகு மறுபடியும் திறந்து, 'சின்னத் தவறு' என்பதில் உள்ள 'சின்ன'வை அடித்துவிடலாமா என்று சற்று நேரம் யோசித்தாள். நாட்குறிப்பில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட விதி. அதனால் அந்தச் 'சின்ன' பிழைத்துக்கொண்டது.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி, குமரகுருவின் நாற்றுப்பண்ணை இருக்கிறது. தக்காளி, மிளகாய், கத்தரி, பூக்கோசு என்று எதைக் கேட்டாலும் குழித்தட்டில் விதைத்து, பச்சை வலைக் கூடாரத்துக்குள் இருபத்தைந்து நாள் வளர்த்துக் கொடுப்பார்கள். யுவஸ்ரீ அங்கே இரண்டு வருடமாகத் தட்டுகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள். திங்கள், புதன், வியாழன் மாலைகளில் நாமக்கல்லில் வெப் சர்வீஸ் வகுப்புக்குப் போகிறாள். அங்கே கற்றதை வைத்து, விவசாயிகள் வீட்டிலிருந்தே நாற்றுக்குப் பதிவு செய்யும் இணையப் பக்கம் ஒன்றை அவளே எழுதினாள். ஒரு மாதமாக உள்ளூர்க்காரர்கள் மட்டும் அதில் பதிந்துகொண்டிருந்தார்கள். ஆடி நடவுக்கான பதிவை எல்லா ஊருக்கும் திறந்துவிட்டது அன்றைக்குத்தான். போன் பதிவு அன்றோடு நிறுத்தம் என்று குமரகுருவே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

ஒன்பது மணிக்குப் பக்கம் திறந்தது. நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள், யாரும் பதியவில்லை. ஒன்பது பத்துக்கும் அதே கதைதான். 'நம் பக்கம் யாருக்கும் பிடிக்கவில்லையோ' என்று அவள் கவலைப்படத் தொடங்கிய நேரத்தில் மணி ஒன்பதேகால் ஆயிற்று.

அவ்வளவுதான். வாடகைக்கு எடுத்திருந்த சின்ன சர்வரின்மேல் ஐந்நூற்றுச் சொச்சம் பேர் ஒரே நிமிடத்தில் வந்து விழுந்தார்கள். பக்கம் திறக்காமல் வட்டம் மட்டும் சுற்றியது. வட்டம் சுற்றுவதைப் பார்த்தவர்கள் மறுபடி அமுக்கினார்கள். பிறகு இன்னொரு தடவை அமுக்கினார்கள். ஒவ்வொரு அமுக்கலும் சர்வருக்குப் புதிதாக ஓர் ஆள் வந்த மாதிரி. பத்து நிமிடத்தில் அது யாருக்குமே பதில் சொல்லாமல் படுத்துவிட்டது.

"ஏம்மா யுவா, உம்பட பக்கம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது" என்று குமரகுரு கூடாரத்திலிருந்து செல்போனை நீட்டிப் பிடித்தபடி வந்தார்.

"கொஞ்சம் மெதுவாத் தொறக்குமுங்கண்ணா."

"எனக்குச் சரி. எனக்கு நாத்து இங்கயே இருக்குது. நாமகிரிப்பேட்டைக்காரன் என்ன பண்ணுவான்?"

நாமகிரிப்பேட்டைக்காரர்கள் என்ன பண்ணுவார்கள் என்பது உடனே தெரிந்தது. மேசையிலிருந்த மூன்று போன்களும் அடிக்க ஆரம்பித்தன. பத்தேகால் தாண்டியும் அடித்தன. பத்தரைக்கு, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி, மூன்றும் ஒன்றாக நின்றன. யுவஸ்ரீ பக்கத்தைத் திறந்து பார்த்தாள். கண் இமைப்பதற்குள் திறந்தது. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை அந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருத்தி அவள். மற்றவர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த குமரகுரு.

"ஆகா! ராகு காலத்துல என்ன வெசையா ஓடுது பாரு" என்றார் அவர். "எமகண்டத்துக்கும் ஒண்ணு செஞ்சு வெச்சிரு சாமி."

யுவஸ்ரீ திரும்பிச் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். நல்ல நேரம் காலை 9.15 முதல் 10.15 வரை. ராகு காலம் 10.30 முதல் 12 வரை. அந்தத் தாளை அன்று காலை கிழித்துச் சரி செய்தவளும் அவள்தான். அவள் அப்பா சைக்கிளுக்கு டயர் மாற்றுவதற்குக்கூட நேரம் பார்க்கிறவர். நாற்று என்பது ஒரு வெள்ளாமையின் ஆரம்பம்; அதை நல்ல நேரத்தில் தவிர வேறு எப்போது பதிவார்கள்? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு, விவசாயிகள் எட்டு மணி நேரத்துக்கும் நிதானமாகப் பரவி வருவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

குமரகுரு திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

"அடுத்த வெள்ளி ஒரு தடவ பாப்போம்" என்றார். "ஆடி நடவுக்கு அதுதான் கடைசிப் பதிவு. அன்னைக்கும் படுத்துச்சுன்னா பழையபடி போனும் நோட்டும்தான். உன்ற மேல கோவமில்ல. நாத்து யாருக்கும் காத்திருக்காது, அதுக்குச் சொல்றேன்."

"சரிங்கண்ணா."

"அப்புறம் இன்னொண்ணு. இன்னைக்குத் தேய்பிறை. பாதிப் பேரு வரவே இல்ல. அடுத்த வெள்ளி வளர்பிறை."

அவர் போன பிறகும் யுவஸ்ரீ நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனும் நோட்டும் திரும்பி வந்தால் அவள் லேபிளுக்குத் திரும்ப வேண்டும். லேபிள் ஒட்டுவதில் ஒன்றும் குறைவில்லை. ஆனால் 'உனக்கு லேபிள்தான் சரி' என்று யாரும் சொல்லத் தேவையில்லாமல் அவளே நம்பிவிடுவாள். அவளைப் பற்றி அவளுக்கு அந்த அளவுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து சோதனையை மாற்றி எழுதினாள். இந்த முறை வகுக்கவில்லை. எல்லோரையும் ஒரே நொடியில் வரவிட்டாள். பழைய சர்வர் எண்பது பேரோடு விழுந்தது. பெரிய சர்வர் ஒன்றை மாற்றிப் பார்த்தாள். அது நூற்றறுபதோடு விழுந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் இதைத் தனுஷிடம் சொன்னாள். தனுஷ் பகலில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறவன். கீபோர்டில் அவன் தொட்ட எழுத்துகளை எல்லாம் பெயின்ட் கறையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

"எத்தன பேரு வருவாங்க?" என்றான்.

"ஆயிரத்துக்கு மேல."

"அப்ப இந்த மாதிரி ஏழு சர்வர் எடு. முடிஞ்சுது."

"ஒரு மணி நேரக் கூத்துக்கு ஏழா? மீதி நாளெல்லாம் சும்மா நிக்கும்."

"நிக்கட்டுமே. எங்க பட்டறையில பத்து லாரி சும்மா நிக்குது. அதுக என்ன அழுவுதா?"

"ஏழு எடுத்தாலும் ஆகாதுடா. தட்டு இருப்பு ஒரே இடத்துல இருக்குது. ஒரு ஆளு உள்ள வந்து பேரு, ஊரு, பயிரு, ரகம், தட்டு, தேதின்னு ஆறு கேள்விக்கும் பதில் சொல்ற வரைக்கும் அந்த இருப்பப் புடிச்சு வெச்சுக்கறாரு. மத்தவங்க வாசல்ல நிக்கறாங்க. ஏழு வாசல் வெச்சாலும் உள்ள இருக்கறது ஒரே ரூம்."

தனுஷ் காதைச் சொறிந்தான். காதிலும் பெயின்ட் ஏறியது. "அப்ப ஒட்டுக்கா வர விடாத. ஊர் ஊராப் பிரிச்சு விடு. ஊருக்குக் கால் மணி நேரம்."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நல்ல நேரமான ஒரு மணியை நாலு கால் மணிகளாகப் பிரித்து, வாழப்பாடிப் பக்கத்துக்கு ஒன்பதேகால், புதுச்சத்திரத்துக்கு ஒன்பதரை, அப்படியே போய் நாமகிரிப்பேட்டைக்குப் பத்து என்று யுவஸ்ரீ அட்டவணை போட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பினாள். பண்ணைக்கு வாழப்பாடியில் எண்பது வாடிக்கையாளர்கள். செவ்வாய் சாயங்காலத்துக்குள் அவர்கள் இருநூற்று முப்பது பேர் ஆகிவிட்டார்கள். "மச்சான் ஊரு வாழப்பாடிங்க, நான் அவரு பேருலயே பதிஞ்சுக்கறேன்" என்றார் ஒருவர். "பொண்ணு குடுத்த ஊருங்க, எங்களுக்கும் அதுதானுங்க ஊரு" என்றார் இன்னொருவர். ஒன்பதேகாலுக்கே கை வைக்க வேண்டும் என்பதற்காக மாவட்டத்தில் பாதிப் பேர் வாழப்பாடிக்குக் குடிபோயிருந்தார்கள்.

புதன்கிழமை காலையில் நாமகிரிப்பேட்டையிலிருந்து நல்லம்மாள் கூப்பிட்டார். மூன்று ஏக்கரில் தக்காளியும் மிளகாயும் போடுகிறவர். பண்ணைக்குப் பத்து வருட வாடிக்கை. எடுத்த எடுப்பிலேயே சத்தம்தான்.

"ஏன் அம்மிணி, எங்க ஊருக்குப் பத்து மணியாமா? வாழப்பாடிக்காரனுக்குத் தலை, எங்களுக்கு வாலா?"

"பத்தேகால் வரைக்கும் நல்ல நேரந்தானுங்க."

"வாலும் மாட்டுலதான் இருக்குது, அதுக்குன்னு அதைப் புடிச்சா பால் கறக்கறோம்? அது கெடக்கட்டும். போன வெள்ளி என்ற பேரு ஏறுச்சா இல்லையா, அதைச் சொல்லு."

யுவஸ்ரீ பட்டியலைப் பார்த்தாள். "ஏறலைங்களே."

"ஏறலையா? ஒம்பதேகாலுக்கு டாண்ணு அமுக்கியாச்சே!"

"அமுக்கியிருப்பீங்க. பதிவாகலைங்க."

"பதியறது உங்க வேலை. அதை நீங்க எப்ப வேணாப் பண்ணிக்குங்க. நா நல்ல நேரத்துல கை வெச்சாச்சு. எங்க காட்டுல போர்வெல் போட்டப்ப நல்ல நேரத்துல தேங்கா ஒடச்சு, ரிக் வண்டிய ஒரே ஒரு அடி ஓட்டச் சொன்னோம். மீதி அறுநூறு அடிய அவன் ராகு காலத்துலயும் ஓட்டுனான், எமகண்டத்துலயும் ஓட்டுனான். நா போயி நிறுத்துனனா?"

யுவஸ்ரீ பட்டியலை மூடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? ஒம்பதேகாலுக்கு நீங்க பட்டன மட்டும் அமுக்கறீங்க. உங்களுக்கு ஒரு நம்பர் வருது. அதுக்கப்புறம் பத்தரைக்கு மேல, ராகு காலத்துல, பேரு என்ன, ஊரு என்ன, எத்தன தட்டுன்னு கேட்டாச் சொல்லுவீங்களா?"

"சொல்றதுக்கென்ன? ராகு காலத்துல கேட்டா என்ற பேரு மாறிருமா?"

போனை வைத்த பிறகு யுவஸ்ரீ ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டாள். இடது பக்கம் 'கை வைப்பது' என்றும் வலது பக்கம் 'பதிவது' என்றும் எழுதினாள். இதுவரை இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தாள். கை வைப்பது ஒரு நொடி வேலை. வந்தவரின் போன் எண்ணை வரிசையில் குறித்துக்கொண்டு ஒரு டோக்கன் எண்ணைக் கொடுத்தால் போதும். தட்டு இருப்பைத் தொடவே வேண்டாம். அந்தச் சின்ன சர்வர்கூட அதை ஆயிரக்கணக்கில் செய்யும். ஆறு கேள்வி கேட்டுப் பதிவதுதான் கனமான வேலை. அதை வரிசைப்படி, நிமிடத்துக்கு இருபது பேராக, பிறகு செய்யலாம். பிறகு என்றால் எப்போது? யாருமே வராமல் சர்வர் சும்மா கிடக்கும் நேரம் ஒன்று வெள்ளிக்கிழமையில் தயாராகவே இருந்தது. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை.

இது சரியாக வரும் என்று தோன்றியதுமே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எளிதாகத் தோன்றியதெல்லாம் இதுவரை அவளைக் கவிழ்த்திருக்கிறது. புதன் மாலை வகுப்புக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதினாள். வியாழன் மாலை வகுப்பிலேயே சோதித்தாள். ஒரே நொடியில் மூவாயிரம் பேரை அனுப்பினாள், தாங்கியது. நம்பாமல் மறுபடி அனுப்பினாள், மறுபடியும் தாங்கியது. தனுஷ் தன் போனை எடுத்து ஆத்திரம் வந்தவன் போலப் பட்டனை நாற்பது தடவை குத்தினான்.

"எத்தன தடவ அமுக்குனாலும் பதினேழுதான் வருது!"

"ஒரு போனுக்கு ஒரு நம்பர்தான். மறுபடி அமுக்குனா அதே நம்பரத்தான் காட்டும். புது ஆளாக் கணக்கு வெக்காது."

"நம்ம சார் போடற மார்க்கு மாதிரி. தலகீழா நின்னாலும் ஏறாது."

குமரகுருவிடம் அன்று மத்தியானமே காட்டியிருந்தாள். அவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"ஒரே பட்டன்தானா?"

"ஒண்ணுதானுங்கண்ணா. போன் நம்பரப் போட்டுட்டு அமுக்கணும்."

"பேரு கூடக் கேக்காதா? வந்தவங்களப் பேரு கேக்காம நிக்க வெச்சா மரியாதையா இருக்குமாம்மா?"

அது அவளுக்குத் தோன்றவில்லை. 'வாங்க! உங்கள் இடம் உறுதி. பத்தரைக்கு மேல் உங்களிடம் பேரும் ஊரும் கேட்போம்' என்று ஒரு வரி சேர்த்தாள். அதற்குக் கீழே, கை வைத்த நேரத்தைப் பெரிய எழுத்தில் காட்டச் சொன்னவரும் குமரகுருதான். "நம்பர்கூட அப்புறந்தான். ஒம்பதேகால்னு கண்ணுல பட்டாத்தான் அவங்களுக்கு மனசு ஆறும்" என்றார்.

வெள்ளிக்கிழமை. வளர்பிறை, மூன்றாம் பிறை. ஊர்வாரி அட்டவணையை ரத்து செய்துவிட்டதால் வாழப்பாடிக்குக் குடிபோனவர்கள் எல்லோரும் அவரவர் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். ஒன்பது பத்துக்கு யுவஸ்ரீ திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். குமரகுரு பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். மடியில் புது நோட்டு ஒன்று இருந்தது. அவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஒன்பதேகால். வரிசை எண் ஒன்று. நாற்பது. முந்நூற்றுப் பன்னிரண்டு. திரையிலிருந்த எண் படிக்க முடியாத வேகத்தில் மாறியது. எழுநூறைத் தாண்டியபோது யுவஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றில் நின்றிருந்தது. ஒன்பது பதினேழு. பக்கத்தைத் தானே திறந்து பார்த்தாள். உடனே திறந்தது.

மேசையிலிருந்த மூன்று போன்களில் ஒன்றுகூட அடிக்கவில்லை. குமரகுருவுக்கு அது பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"டவர் இருக்குதா பாரும்மா."

"இருக்குதுங்கண்ணா."

"அப்ப ஏன் ஒருத்தனும் திட்ட மாட்டேங்கறான்?"

பத்தரைக்கு, டோக்கன் ஒன்றிலிருந்து கேள்விகள் போகத் தொடங்கின. நிமிடத்துக்கு இருபது பேர். பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று போன்களும் சுமார் எழுநூறு வீடுகளைத்தான் சேர்ந்தவை என்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கம் போன தடவை மாதிரி படுத்துவிட்டால் என்ன செய்வது என்று, ஒரு வீட்டில் புருஷன், பெண்டாட்டி, மருமகள், காலேஜிலிருந்து வந்த பையன், அவன் நண்பன் என்று ஐந்து பேர் ஆளுக்கொரு போனோடு நின்று அமுக்கியிருந்தார்கள்.

"ஒரு ஊட்டுக்கு ஒரு நம்பரு. மொதல்ல விழுந்தது நிக்கட்டும், மத்ததெல்லாம் எடுத்துரு" என்றார் குமரகுரு.

இருபத்து மூன்று பேர் மட்டும் ராகு காலத்தில் வாயே திறக்க மாட்டோம் என்று இருந்துவிட்டு, பன்னிரண்டு அடித்ததும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றாகப் பதில் அனுப்பினார்கள். சர்வர் அதைக் கவனிக்கவே இல்லை. யுவஸ்ரீ கவனித்தாள். பக்கம் எழுதத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக அன்று சத்தமாகச் சிரித்தாள்.

மத்தியானம் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. "அர்த்தநாரிங்க. வெல்டிங் பட்டறை வெச்சிருக்கேன். எனக்கு எத்தன தட்டு தக்காளி நாத்து வேணும்னு கேட்டு மெசேஜ் வந்திருக்குதுங்க. நான் என்னத்தச் சொல்ல?"

யாரோ அவசரத்தில் தன் போன் எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்திருக்கிறார். டோக்கன் அவருடையது, கேள்வி வெல்டிங் பட்டறைக்குப் போயிருக்கிறது. யுவஸ்ரீ மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பட்டியலைத் துழாவினாள். இதையும் சேர்த்து, கேள்வி போயும் பதில் வராதவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். எழுந்து போய், கூடாரத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த குமரகுருவிடம் சொன்னாள்.

"பதினொண்ணா?" என்றார் அவர். "நோட்டுல எழுதுனப்ப வாரம் நாப்பது பேரு விட்டுப்போவும், தெரியுமா? அதுல பாதிப் பேரு என்னைய வந்து அடிக்காத குறை."

"இருந்தாலும் தப்புத்தானுங்களே."

"தப்புத்தான். கண்டுபுடிச்சு எழுதி வை. அடுத்த நடவுப் பதிவையும் வெள்ளிக்கெழம ஒம்பதேகாலுக்கே தொறந்துரு." தட்டு ஒன்றை நேராக்கி வைத்தார். "நாளையிலிருந்து லேபிளுக்குச் சத்யபிரியான்னு ஒரு புள்ள வருது. ரெண்டையும் நீ பாத்துக்கிட்டிருந்தா ரெண்டும் வெளங்காது. நீ இதையே பாரு."

யுவஸ்ரீ "சரிங்கண்ணா" என்றாள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று மேசைக்குத் திரும்பிய பிறகுதான் தோன்றியது. போய்ச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தார்.

27-6-2025, வெள்ளி.

பக்கம் விழவில்லை. கை வைத்த போன்கள் 1,143. பதிந்த வீடுகள் 700. தவறு: போன் எண்ணை இரண்டாம் முறை கேட்டுச் சரிபார்க்கவில்லை. விட்டுப்போனவர்கள் 11 பேர்.

நாளை: பதினொரு எண்களிலும் ஓர் இலக்கத்தை மாற்றிப் பார்த்து, பண்ணையின் பழைய வாடிக்கையாளர் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். கிடைப்பவர்களை டோக்கன் வரிசைப்படி காலை பத்தரைக்கு மேல் கூப்பிட வேண்டும். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை.